மலைத் தொகுதிக்குள் அவிநாசி எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொகுதி மறுவரையறை என்றாலே தமிழ்நாட்டுக்கு எத்தனை சீட் குறையும் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எல்லைக்கோட்டை எங்கே போடப்போகிறார்கள் என்பதுதான் மலையில் இருக்கும் எங்களுக்குக் கவலை. நீலகிரி எம்.பி. தொகுதியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் மட்டுமே எங்கள் மாவட்டம், மேட்டுப்பாளையம் கோவை, அவிநாசி திருப்பூர், பவானிசாகர் ஈரோடு. ஒரே எம்.பி. பசுந்தேயிலை விலைக்கும் பேச வேண்டும், அவிநாசி விசைத்தறிக்கும் பேச வேண்டும், யார் ஜெயித்தாலும் இதே கதைதான்.

ஜெர்மனியில் சான்சலராக (நம்மூர் பிரதமர் போன்ற பதவி) இருந்த ஏஞ்சலா மெர்க்கெல் நின்ற தொகுதியைப் பாருங்கள். இரு ஜெர்மனிகளும் இணைந்த 1990-இல், பால்டிக் கடலோரத்து ஸ்ட்ரால்சுண்ட், ரூகன், கிரிம்மன் பகுதிகளைச் சேர்த்த தொகுதியில் முதன்முதலாக நின்றார். அந்தப் பிரசாரத்தில் ரூகன் தீவின் லோபே கிராமத்தில் மீனவர்களோடு குடிசைக்குள் அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் இன்றும் பிரபலம். 2017 வரை எட்டு முறை அங்கேயே ஜெயித்தார், தொகுதிதான் அப்படியே இருக்கவில்லை. 2002-இல் பெயர் மாறியது, 2011-இல் மாவட்டங்களை இணைத்ததும் 2013 தேர்தலுக்கு மறுபடி கோடு நகர்ந்து கிரைஃப்ஸ்வால்ட் நகரம் உள்ளே வந்தது. சான்சலரின் தொகுதியாச்சே என்று யாரும் விட்டுவைக்கவில்லை.

அங்கே இதற்கென்றே நிரந்தர ஆணையம் உண்டு. சராசரி மக்கள்தொகையிலிருந்து ஒரு தொகுதி 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, 25-ஐத் தாண்டினால் மாற்றியே ஆக வேண்டும், மாவட்ட எல்லையையும் முடிந்தவரை மதிக்க வேண்டும், எல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. நாமோ சீட் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு பூட்டிவிட்டு, எல்லையை மட்டும் 2008-இல் ஒருமுறை திருத்தினோம்.

ஜெர்மனியில் 299 தொகுதிகள், ஒன்றுக்குச் சுமார் இரண்டரை லட்சம் குடிமக்கள். 2011 கணக்கெடுப்பில் நீலகிரியில் 7.35 லட்சம் பேர், அந்தக் கணக்குக்கு எங்களுக்கே கிட்டத்தட்ட மூன்று எம்.பி. கிடைத்திருப்பார்கள்! சரி, இங்கே ஒரு தொகுதிக்கே பதினெட்டு லட்சம் தேவைப்படுகிறது, சமவெளியைச் சேர்க்காமல் முடியாது என்பது புரிகிறது. மேட்டுப்பாளையம் இருக்கட்டும், மலை ரயில் அங்கிருந்துதான் ஏறுகிறது. பவானிசாகரிலும் தாளவாடி மலை இருக்கிறது. அவிநாசிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? அவிநாசிக்காரர்களும் இதையேதான் கேட்பார்கள்.

அடுத்த மறுவரையறை ஆணையம் வரும்போது கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் கோவையோடு முடித்துவிடாமல் ஊட்டியிலும் கூடலூரிலும் நடத்த வேண்டும், அதுவும் மண்சரிவில் ரோடு அடைபடும் ஜூலை, ஆகஸ்டில் வைக்காமல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்