கலைச்சொல் ஆக்குவோருக்கு ஒரு மடல்

கலைச்சொல் அகராதி தொகுக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

அண்மையில் ஒரு நவீன நடனக் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஆடுபவரை 'இன்டர்பிரட்டர்' என்று எழுதியிருந்தார்கள். பிரெஞ்சு வழக்கு அது, அங்கே ஆடுபவர், பாடுபவர், நடிப்பவர் எல்லோருக்கும் அந்தச் சொல் பொருந்தும். கையிலிருந்த அகராதியைப் புரட்டினால் 'மொழிபெயர்ப்பாளர்' என்று இருந்தது, கணினிக்கு 'வரிமொழிமாற்றி'. அவ்வளவுதான்.

இரண்டும் தப்பில்லை. ஆனால் இந்த மூன்று பேரும் செய்யும் வேலை ஒன்றா? 'பேசிக்' என்ற பழைய கணினி மொழியில் 10, 20, 30 என்று வரி எண் போட்டு நிரல் எழுதுவோம். பல கணினிகளில் 30ஆம் வரியில் எழுத்துப்பிழை இருந்தாலும் 10உம் 20உம் தம் வேலையை முடித்துவிடும், அப்புறம்தான் 30இல் போய் நிற்கும். படித்த உடனே செய்வது, சொந்தமாக எதுவும் சேர்க்காமல் செய்வது, அதுதான் அங்கே இன்டர்பிரட்டர். நாஜித் தலைவர்கள் மீது 1945இல் தொடங்கிய நூரம்பெர்க் விசாரணையில் நான்கு மொழிகளில் பேசப் பேசவே மாற்றிச் சொன்னவர்களும் எதையும் சேர்க்கக்கூடாதுதான், ஆனால் அவர்கள் கேட்டதைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நடனத்திலோ ஒரே அசைவை இரண்டு பேர் ஆடினால் இரண்டாகத்தான் வரும், வரவும் வேண்டும். பரிமேலழகரும் மணக்குடவரும் ஒரே குறளுக்கு வேறு வேறு பொருள் சொன்ன இடங்கள் உண்டே, ஆடுபவர் செய்வது அதற்குத்தான் பக்கம். நிரலை ஓட்டும் இன்டர்பிரட்டர் அப்படி ஆளுக்கொரு பொருள் கொண்டால் அதைக் கோளாறு என்போம்.

'டயலாக்' கதையும் இதேதான். கணினித் திரையில் வரும் உரையாடல் பெட்டி ('டயலாக் பாக்ஸ்') 'சரி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான்களைத்தான் நீட்டுகிறது, 'ஏன் கேட்கிறாய்?' என்று நாம் திருப்பிக் கேட்க அதில் வழியில்லை. 1972இல் அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கிவைத்த தொடர்பு நடனத்தில் வாயே திறப்பதில்லை, இரண்டு உடல்கள் தொடும் இடத்தில் ஒருவர் எடையை மற்றவர் வாங்கிக்கொண்டு, அடுத்த அசைவு எங்கே போகும் என்று முன்கூட்டித் தெரியாமலே நகர்கிறார்கள், அதை உரையாடல் என்று அழைக்க எனக்குத் தயக்கமே இல்லை. உரையும் ஆடலும் சேர்ந்த சொல்தானே அது! நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனத்தையும் இசையையும் தனித்தனியே உருவாக்கி மேடையில்தான் சேர்த்தார்கள், அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நிறுத்தாதீர்கள். எந்தத் துறை என்று குறியுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமாவது எடுத்துக்காட்டாகக் கொடுங்கள், அந்தத் துறையில் புழங்குபவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நடனக்காரர்களை யாரும் கேட்பதே இல்லை.

என் குறிப்பில் கடைசியில் 'ஆடுபவர்' என்றே போட்டேன். பாதிப் பொருள் போய்விட்டது. உங்களிடம் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.