ஆடம் ஸ்மாலின் 47 ஆண்டுகள்: தென்னாப்பிரிக்க அறிவியல் கலைக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கழகத்தாருக்கு,

2012-இல், டச்சிலிருந்து கிளைத்த ஆஃப்ரிகான்ஸ் மொழி இலக்கியத்தின் உயரிய விருதான ஹெர்ட்ஸோக் பரிசை, நாடகத்துக்காக, அம்மொழியின் கவிஞரும் நாடகாசிரியருமான ஆடம் ஸ்மாலுக்கு வழங்கியபோது, அண்மையில் வெளிவந்த நூல்களுக்கே பரிசு என்ற உங்கள் விதியை நீங்களே தளர்த்தினீர்கள். அப்போது அவருக்கு வயது 75. அவருடைய ‘கன்னா ஹி கோ ஹெய்ஸ்தூ’ நாடகமோ 1965-இலேயே அச்சேறிவிட்டது.

‘கன்னா வீட்டுக்கு வருகிறான்’ என்பது தலைப்பின் பொருள். பாடநூல் ஆஃப்ரிகான்ஸில் ‘கொம் ஹொய்ஸ் தூ’ என்று பிரித்து எழுதவேண்டியது, ‘கலப்பினத்தார்’ என்று நிறவெறி அரசு முத்திரை குத்திய, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி மக்களின் வாயில் ‘கோ ஹெய்ஸ்தூ’ என்று குறுகுகிறது. தமிழில் ‘வருகிறான்’ ‘வர்றான்’ ஆவதைப் போல. அந்தக் ‘காப்ஸ்’ பேச்சு சிரிப்பு மூட்டும் சமாச்சாரம் அல்ல, அது ஒரு மொழி என்று ஸ்மால் வெளிப்படையாகவே எழுதினார். நாடகத்தில், நடக்க இயலாத தாய் மக்கீட் குடும்பத்தோடு நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வருகிறாள். வளர்ப்பு மகன் கன்னா வெளிநாடு சென்று பொறியாளராகிறான். இங்கே அவளுடைய மகன் டீக்கி தூக்கிலேற, மகள் கீட்டி சீரழிக்கப்படுகிறாள். கன்னா திரும்புவதோ மக்கீட்டின் அடக்கத்துக்கு. இறந்தோரும் இருப்போரும் ஒரே மேடையில் முன்பின் கலந்து பேசும் இந்நாடகத்தில், அவர்கள் மன்றாடுவதும் ஒருவரையொருவர் கடிந்துகொள்வதும் அந்தப் பேச்சிலேதான். அதே ஆஃப்ரிகான்ஸைக் கொண்டாடிய அரசு 1971-இல் கேப் டவுனில் திறந்த நிகோ மலான் அரங்கில், 1975 வரை மக்கீட் போன்ற கேப் மக்களுக்கு இருக்கை கிடையாது.

டச்சுக்காரர் மலாய்த் தீவுகளிலிருந்தும், எங்கள் சோழமண்டலக் கரை உள்ளிட்ட இந்தியக் கரைகளிலிருந்தும் கொண்டுசென்ற அடிமைகளின் வாயிலும் உருவான மொழி உங்களுடையது; அதன் பழைய எழுத்துகளில் சில அரபு வரிவடிவில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கரையின் பெயரால் உரிமை கொண்டாட நான் வரவில்லை. ஆனால் பேச்சு வழக்கைக் கொச்சை என்று ஒதுக்கும் பண்டிதர்களை எங்களுக்கும் தெரியும்.

ஸ்மால் 1973-இல் மேற்கு கேப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் துறையை விட்டு விலகினார், 1983-இல் ‘கிரிஸ்மிஸ் ஃபான் மாப் ஜேக்கப்ஸ்’ தந்தார், 2016-இல் மறைந்தார். விதியைத் தளர்த்தியதை ஒரு சலுகை போலச் சொல்வது எனக்கு உறுத்துகிறது. சலுகை தேவைப்பட்டது உங்களுக்குத்தான், அவருக்கு அல்ல. ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே: 1965-க்குப் பின் நாடகப் பரிசுக்கான தேர்வில் அந்நூல் எப்போதேனும் பரிசீலிக்கப்பட்டதா, விலக்கப்பட்டதெனில் என்ன காரணத்தால் என்பதற்கு உங்களிடமுள்ள பதிவுகளை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் நாடக வாசகன்