தமிழ் அலமாரிச் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளத்தின்போது நனைந்த நம் நூலகத் தமிழ்ப் புத்தகங்களைச் சீர்செய்யும் பணி நிறைவடைந்தது. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாகி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

இந்தப் புத்தகங்கள் சேர்ந்த கதை இளையவர்கள் பலருக்குத் தெரியாது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த தென்னாப்பிரிக்காவின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் 1960-களில், டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸை விட்டு, இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்கள், பாத்திரம் பண்டத்தோடு மூட்டை கட்டிக் கொண்டுவந்தவைதாம் பெரும்பாலும். அவற்றை நூலகத்துக்குக் கொடுத்ததோடு நிற்காமல், சனிக்கிழமைதோறும் வந்து அட்டை போட்டு, எண் எழுதி, இரவல் ஏட்டையும் பார்த்துக்கொண்ட தாத்தா ஆயாக்களிடமிருந்து தொடங்கியது நம் குழு.

புதுப் புத்தகத்துக்கு அவர்கள் பட்ட பாடு பெரிது. இங்குள்ள இந்தியரை ஒடுக்கிய நிலச் சட்டத்தைக் கண்டித்து 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காமீது விதித்த வணிகத் தடை 1993 வரை நீடித்தது. இந்தியாவுக்குப் போய்வந்தவர் பெட்டியில் ஒன்றிரண்டு வந்தால் உண்டு. நியாயமான தடைதான், ஆனாலும் அந்தக் காலப் பதிப்புகள் நம்மிடம் இத்தனை குறைவாக இருப்பது உறுத்தத்தான் செய்கிறது.

இனி வேலைக்கு வருவோம். நனைந்த புத்தகத்தில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். உறையவைத்தால் அது பரவாது, பிறகு நிதானமாக உலர்த்தலாம். கல்யாண வீடுகளுக்கு ஐஸ்கிரீம் கொடுக்கும் உறுப்பினர் ஒருவர் தம் ஃப்ரீசரைக் காலி செய்து தந்தார். தேவாரமும் விக்கிரமாதித்தன் கதையும் அதில் உறைந்து கிடந்தன! பின்னர் சில சிலவாக எடுத்து, பக்கங்களுக்கிடையே மையொற்றுத் தாள் வைத்து, விசிறிக் காற்றில் உலர்த்தினோம். வெயிலில் பரப்பிவிடலாம் என்றார்கள் சிலர். தாள் நெளியும், எழுத்து மங்கும் என்பதால் குழு ஒப்பவில்லை. வழவழப்புத் தாளில் அச்சான தீபாவளி மலர்கள் மட்டும் ஒட்டிப் பலகையாகிவிட்டன. அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

முதுகு பிய்ந்தவற்றுக்குக் காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்தோம். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்த்தோம். அது விஷம் என்பதால் பிள்ளைகளை அந்த அறைப் பக்கமே விடவில்லை. பசை கிண்டத் துடித்தவர்களுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அலமாரிகள் இப்போது சுவரை ஒட்டாமல், அடித்தட்டு தரையிலிருந்து உயர்ந்திருக்கும்படி நிற்கின்றன. புதிதாகக் கட்டிய புத்தகங்களை வழக்கம்போல் இரவல் எடுக்கலாம். தாள் நொறுங்கும் பழைய பதிப்புகளை நூலகத்திலேயே படிக்க வேண்டும். நகல் எடுக்கவும் கொடுப்பதில்லை. வீட்டில் பழைய தமிழ்ப் புத்தகம் வைத்திருப்போர், கரையான் கண்டிருந்தால் நேராக அலமாரிக்குக் கொண்டுவராமல் முதலில் குழுவிடம் காட்டவும்.

இப்படிக்கு,
நூலகத் தொண்டர் குழுவினர்