அம்முணிக்கு, அந்த 46 டாலர் கல்லூரி பற்றி

அம்முணி,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. குரூப் ப்ராஜெக்டில் ஒரு பையன் "ஓ, நீ டிரான்ஸ்பரா?" என்று கேட்டானாம், வேறு காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நடுவில் யூனிவர்சிட்டிக்கு வந்தவளா என்று, அதற்கப்புறம் கோடிங் பகுதியை மற்றவர்கள் பிரித்துக்கொண்டு உன்னிடம் ஸ்லைடு செய்யச் சொன்னார்களாம். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், உன் அம்மாவும் சிரித்தாள். எனக்குத்தான் முடியவில்லை. அந்தப் பையன் கேட்ட தொனி எனக்கு நன்றாகத் தெரியும். அதே தொனி என் வாயிலிருந்தும் ஒரு முறை வந்திருக்கிறது, நீ பக்கத்தில்தான் நின்றாய்.

2023 ஜூன், கோபியில் கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வரும்போது உன் அத்தை "பாப்பா என்ன படிக்கிறா?" என்று கேட்டாள். நான் யோசிக்கக்கூட இல்லை. "யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியால கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றேன். நீ அப்போது ஓலோனி என்கிற கம்யூனிட்டி காலேஜில், இரண்டு வருஷம் படித்துவிட்டு யூனிவர்சிட்டிக்கு மாறிப்போகிற இடத்தில், ஒரு வருஷம்தான் முடித்திருந்தாய். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாய், அவ்வளவுதான். காரிலும் கேட்கவில்லை, பிளேனிலும் கேட்கவில்லை. மறந்திருப்பாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆறு வயதில் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி வாங்கித் தராத சைக்கிளை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறவள் இதை மறப்பாயா?

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு பாதிக் காரணம் உன் அம்மாயி. நீ சேர்ந்த புதிதில் வீடியோ காலில் அவரிடம் உண்மையைத்தான் சொன்னோம். "கம்யூனிட்டி காலேஜா? எந்தக் கம்யூனிட்டிக்கு? நம்மளுக்கு சீட்டு குடுப்பாங்களா?" என்று கேட்டார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் ஊரில் கம்யூனிட்டி என்றால் சாதிச் சான்றிதழ்தானே, அவர் கேட்டதில் தப்பே இல்லை. விளக்கிச் சொன்னேன், எல்லோரையும் சேர்த்துக்கொள்வார்கள், மார்க் கூடப் பார்க்கமாட்டார்கள் என்று. "மார்க்கே பாக்கமாட்டானா, அப்ப என்ன காலேஜ் அது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுபாதிக் காரணம் நான்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஊரிலிருந்து திரும்பி வந்ததும் இதைப்பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நல்ல எண்ணத்தில் என்று நினைத்துவிடாதே. அடுத்த முறை யாராவது கேட்டால் பொய்யில்லாமலும் கௌரவமாகவும் எப்படிச் சொல்வது என்று தேடப் போனேன். போனால் கதை பெரிதாக இருந்தது.

1950களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஒரே அடிதடி. போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் மொத்தமாகக் கல்லூரி வயதை எட்டப் போகிறார்கள், இடம் போதாது. ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் தன் தொகுதியில் ஒரு கல்லூரி வேண்டும், ஸ்டேட் காலேஜ்களுக்குத் தாங்களும் பல்கலைக்கழகம் ஆகவேண்டும், யூசிக்கு, அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியாவுக்கு, அது பிடிக்கவில்லை. அப்போது யூசி தலைவராக இருந்த கிளார்க் கெர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி ஒரு உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். 1960இல் கவர்னர் பேட் பிரவுன் கையெழுத்துப் போட்ட மாஸ்டர் பிளான் அதுதான். பள்ளி முடிக்கிறவர்களில் மேலே உள்ள எட்டில் ஒரு பங்கு யூசிக்குப் போகலாம், மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கு ஸ்டேட் காலேஜுக்குப் போகலாம், மிச்சம் யாராக இருந்தாலும் ஜூனியர் காலேஜ், அதாவது இன்றைய கம்யூனிட்டி காலேஜ், கதவு திறந்திருக்கும். மாநிலத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமும் இல்லை என்று வைத்தார்கள். (அந்த கெரையே, ரீகன் கவர்னராக வந்த கையோடு 1967 ஜனவரியில் வேலையை விட்டுத் தூக்கினார்கள். பஞ்சாயத்து பண்ணி வைத்தவனுக்கு எந்த ஊரிலும் இதுதான் கதி போலிருக்கிறது.)

இதில் பெருந்தன்மை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு இருந்ததைவிட மேலே இருந்த இரண்டு வாசல்களையும் குறுக்கினார்கள். ஜூனியர் காலேஜில் படிக்கவைப்பது அரசாங்கத்துக்குச் செலவு குறைவு, அதனால் கூட்டத்தை அந்தப் பக்கம் திருப்பினார்கள். ஆனால் குறுக்கியதற்குப் பதிலாக ஒன்று செய்தார்கள், அதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. யூசியிலும் ஸ்டேட் காலேஜிலும் முதல் இரண்டு வருஷப் படிப்பில் 40 பங்கு மாணவர் என்றால், கடைசி இரண்டு வருஷத்தில் 60 பங்கு இருக்கவேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். அந்தக் கூடுதல் ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? ஜூனியர் காலேஜிலிருந்துதான். அதாவது நீ மூன்றாம் வருஷத்தில் உள்ளே வந்து உட்கார்ந்த நாற்காலி யாரோ படிப்பை விட்டுப் போனதால் காலியானது இல்லை, அறுபது வருஷத்துக்கு முன்பே உன்னைப்போல ஒருத்தி வருவாள் என்று போட்டுவைத்தது. இன்றைக்கும் யூசி இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஒரு டிரான்ஸ்பர் என்பதைத்தான் இலக்காக வைத்திருக்கிறது. உன் குரூப்பில் இருக்கிற அந்தப் பையனுக்கு இது தெரிந்திருக்காது. எனக்கே ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் தெரிந்தது.

இதெல்லாம் உனக்குப் பழங்கதை. டிரான்ஸ்பருக்காக நீ ஓலோனியில் இருந்தபோது பண்ணிய வேலையை நான் டைனிங் டேபிளுக்கு எதிர்ப்பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அது எனக்கு மறக்காது. அசிஸ்ட் வெப்சைட்டைத் திறந்துவைத்து, இந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை அந்த யூசி எந்தப் பாடமாக எடுத்துக்கொள்கிறது என்று ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனியாக ஒரு ஷீட் போட்டாய். ஒரு இடத்தில் டிஸ்கிரீட் மேத்ஸ் கட்டாயம், இன்னொரு இடத்தில் லீனியர் ஆல்ஜீப்ரா கட்டாயம், ஒன்று விட்டுப்போனால் ஒரு வருஷம் போச்சு. யூசியின் பத்து வளாகங்களில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறும்தான் டேக் என்கிற உத்தரவாத அட்மிஷன் தருகின்றன, அதிலும் ஒன்றுக்குத்தான் போடலாம், செப்டம்பர் ஒரு மாதம்தான் அதற்குக் கெடு, சில துறைகளுக்கு அதுவும் கிடையாது. நான் உதவிக்கு வந்தபோது "அப்பா, நீங்க போய் டீ போடுங்க" என்றாய். போட்டேன். பள்ளி முடித்து நேராக யூசிக்குப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் பதினெட்டு வயதில் இப்படித் தன் படிப்பைத் தானே திட்டம் போட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் போட்டதில்லை.

சரி, எல்லாம் பொன்னாக இருந்தது என்றும் சொல்லமாட்டேன். உன்னோடு கால்குலஸ் படித்தாளே, ராத்திரி ஷிப்டு வேர்ஹவுஸில் வேலை பார்த்துவிட்டுக் காலை எட்டு மணி கிளாஸுக்கு வருவாளே, அவள் உன்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள் என்று நீயே சொன்னாய். அவள் இரண்டாவது செமஸ்டரோடு நின்றுவிட்டாள். டிரான்ஸ்பர் ஆகவேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆகாமலே போகிறார்கள். மாஸ்டர் பிளான் வந்த அதே 1960இல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர், நமக்குப் பக்கத்து ஊரான சான் ஹோசேயின் ஜூனியர் காலேஜை ஆராய்ந்துவிட்டு எழுதினார்: கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே வந்தவர்களின் ஆசையை மெதுவாக, அவர்களுக்கே தெரியாமல் ஆறவைத்துவிடுகிற வேலையும் அங்கே நடக்கிறது என்று. பல வருஷம் பிளேஸ்மெண்ட் டெஸ்ட் என்று ஒன்று வைத்து, பிள்ளைகளை டிரான்ஸ்பருக்குச் செல்லாத அடிப்படைக் கணக்கு வகுப்புகளில் தள்ளி, அங்கேயே சுற்றவிட்டார்கள். 2017இல் சட்டம் போட்டுத்தான் அதை மாற்ற வேண்டியிருந்தது, பள்ளி மார்க்கைப் பார்த்து டிரான்ஸ்பருக்குச் செல்லுகிற வகுப்பில் சேர்க்கச் சொல்லி. நீ தப்பித்தது உன் கெட்டிக்காரத்தனம் மட்டும் இல்லை, வீட்டில் சோறு இருந்தது, வாடகை கொடுக்கவேண்டியதில்லை, ராத்திரி வேலைக்குப் போகவேண்டியதில்லை. அந்தப் பொண்ணு திரும்ப வந்தாளா என்று முடிந்தால் விசாரி. அவளுக்கு வயசாகிவிடவில்லை, கதவும் மூடவில்லை, அந்த ஒரு விஷயத்தில் இந்த அமைப்பு நம் ஊர் அமைப்பைவிட மேல்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. பாடத்தை அளக்கிற யூனிட் ஒன்றுக்கு 46 டாலர், 60 யூனிட், 2,760 டாலர். இரண்டு வருஷப் படிப்பு. அந்த ஹெல்த் ஃபீ, புத்தகம், பார்க்கிங் எல்லாம் தனி, அதையும் சேர்த்தாலும் உனக்கு முதலில் சீட் கொடுத்த அந்தப் பிரைவேட் கல்லூரியின் ஒரு வருஷச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. 1984 வரைக்கும் இந்த 46 டாலரும் கிடையாதாம், இலவசம். 1978இல் சொத்து வரிக்கு மக்கள் ஓட்டுப் போட்டு உச்சவரம்பு வைத்தார்கள், கல்லூரிகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் குறைந்தது, அப்புறம் யூனிட்டுக்கு 5 டாலர் என்று ஆரம்பித்தது. நம் தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் அந்த வரம்பால்தான் பழைய வரி கட்டுகிறார்கள், அவர்களேதான் கல்லூரி ஏன் இலவசமாக இல்லை என்றும் கேட்கிறார்கள். சரி, அது வேறு சண்டை.

இப்போது மறுபாதிக் காரணம்.

நான் பி.இ. என்று உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் என்ன படித்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பத்தாவது முடித்ததும் உன் தாத்தாவால் பிளஸ் டூ, அப்புறம் நாலு வருஷம் என்று செலவு பண்ண முடியவில்லை, கோயம்புத்தூரில் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார். டி.எம்.இ., மெக்கானிக்கல் டிப்ளமா, மூன்று வருஷம். நல்ல மார்க் எடுத்தேன், 1993இல் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருஷம் கிடைத்தது. முதல் நாள் ஹாஸ்டலில் ஒருவன் "நீ லேட்டரலா?" என்றான். உன் குரூப்பில் அந்தப் பையன் கேட்ட அதே கேள்வி, அதே தொனி. ஒர்க்‌ஷாப்பில் லேத் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள், செமினார் எடுக்க வேறு ஆள். முதல் வருஷக் கணக்கு படிக்காததால் எம்-த்ரீ கணக்குத் தாளில் அரியர் வைத்தேன், அதைப் பார்த்து "டிப்ளமா பசங்கன்னா இப்படித்தான்" என்றார்கள், அடுத்த முறை எழுதி 71 வாங்கியதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

அமெரிக்கா வந்தபோது பயோடேட்டாவிலிருந்து டிப்ளமாவை எடுத்துவிட்டேன். கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆகிறது. லிங்க்ட்இன்னில் நான் வானத்திலிருந்து குதித்து நேராக பி.இ. இரண்டாம் வருஷத்தில் இறங்கியதுபோல 1993 என்றுதான் ஆரம்பிக்கும். அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் உன் அத்தையிடம் நான் மறைத்தது உன் ஓலோனியை மட்டும் இல்லை, என் பாலிடெக்னிக்கையும்தான், அதை உன் தலையில் கட்டிவிட்டேன். தப்பு. மன்னிப்புக் கேட்கிறேன் அம்முணி, போனில் கேட்டால் நீ "பரவால்லப்பா" என்று சொல்லி முடித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

இன்று காலையில் டிப்ளமாவை லிங்க்ட்இன்னில் சேர்த்துவிட்டேன். என் மேனேஜர் ஒருத்தர் லைக் போட்டிருக்கிறார், என்ன புரிந்து போட்டாரோ. அத்தைக்கும் போன் பண்ணி, பாப்பா முதல் இரண்டு வருஷம் படித்தது வேறு கல்லூரி, அங்கே நன்றாகப் படித்துத்தான் இங்கே வந்தாள், நான் அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "ஏன்டா, அப்ப நம்ம பேரன் பாலிடெக்னிக் முடிச்சிட்டு அங்க வரலாமா?" என்றாள். அவன் அவிநாசிப் பக்கம் டிப்ளமா இரண்டாம் வருஷம் படிக்கிறானாம், இத்தனை நாள் எங்களிடம் இன்ஜினியரிங் என்று சொல்லிவைத்திருந்தாள்.

ப்ராஜெக்ட் விஷயம்: அந்தப் பையனோடு சண்டை வேண்டாம். அடுத்த மீட்டிங்குக்கு முன்னால் டேட்டாபேஸ் பகுதியை எழுதி அவர்கள் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டுவிடு, ஸ்லைடை அப்புறம் யார் செய்வது என்று கேள். வேலைக்கு ஆகவில்லை என்றால் டீச்சிங் அசிஸ்டென்ட்டிடம் சொல்.

இன்னொன்று. உன் அம்மா ஓலோனியில் அக்கவுண்டிங் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள், ஆகஸ்டிலிருந்து. நான்கு யூனிட், 184 டாலர், கட்டியாகிவிட்டது. காலேஜ் இருக்கிற அந்த மேட்டில் ஏறுவதை நினைத்துத்தான் பயப்படுகிறாள். காரை எந்த லாட்டில் போட்டால் படி குறைவு என்று அவளுக்கு ஒரு மெசேஜ் போடு, என்னிடம் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை.

அப்பா