கால்பந்துக் கழகத்துக்குச் சொந்த மைதானம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளூர்க் கால்பந்துக் கழகம் பள்ளித் திடலையும் பொதுவெளியையும் இரவல் பெற்றே ஆடும் நிலை மாற வேண்டும். விதிகளின்படி ஆடுகளம் 90 முதல் 120 மீட்டர் நீளமும் 45 முதல் 90 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். இரவல் திடலில் அளவு ஒருவாறு அமைந்தாலும், மழைநீர் வடிய வழியோ, தேய்ந்த புல் மீண்டும் வளர்வதற்கான ஓய்வோ கிடைப்பதில்லை. தந்த அனுமதி ஏதேனும் விழாவுக்காக ரத்தாகும்போது முதலில் நின்றுபோவது சிறுவர்களின் பயிற்சியே. பார்வையாளர் மாடம் பிறகு வரட்டும் (அடிக்கல் நாட்டுவோருக்கு அதில்தான் ஆர்வம் அதிகம்). சமமான புல்தரை, வடிகால், உடைமாற்றும் அறை, கழிப்பறை ஆகியவையே உடனடித் தேவை. பயன்பாடற்ற பொதுநிலம் ஒன்றை உள்ளாட்சி நிர்வாகம் நீண்டகாலக் குத்தகைக்கு அளித்து, பராமரிப்புப் பொறுப்பைக் கழகத்திடமே ஒப்படைக்கலாம். பகலில் பள்ளி மாணவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என நிபந்தனை விதிப்பதும் நியாயமே.

இப்படிக்கு,
கால்பந்து ஆர்வலர் ஒருவர்