குட்டியின் பாதம் பற்றி, பாப்பாவுக்கு

மாயவரம்,
சனிக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மேட்டூர் திறந்தாகிவிட்டது, தண்ணீர் இன்னும் நம் மடைக்கு எட்டவில்லை. அம்மா முருங்கையிலைப் பொடி செய்து வைத்திருக்கிறாள். குறைமாதத்தில் வந்த உன் குட்டியைப் பற்றி நாலு நாளாக உன்னிடமிருந்து வருவது எடை மட்டும். 1,420 கிராம், 1,435 கிராம். சந்தோஷம்தான். மாப்பிள்ளை எதுவும் சொல்லவில்லை. இன்குபேட்டரில் கைவிட ஒரு ஜன்னல் இருக்குமே என்று நான்தான் பேச்சுவாக்கில் கேட்டேன். நீ குட்டியைத் தொடப் பயப்படுகிறாய் என்று அதில்தான் புரிந்தது.

தொட்டதும் குட்டி காலை வெடுக்கென்று இழுத்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். ஏன் இழுக்கிறது என்று சொல்கிறேன். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்.

தோலின் உணர்வு நரம்பணுக்கள் தண்டுவடத்துக்குள் இல்லை. அதற்கு வெளியே இரு பக்கமும் முடிச்சு முடிச்சாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே காம்பு. அது இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை தோலுக்கும் இன்னொன்று தண்டுவடத்துக்கும் போகும். தாத்தாவின் அக்கி முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி நடுமார்பில் கோடு போட்டாற்போல் நின்றதே, அது ஒரே முடிச்சின் எல்லை. வேளார் காவியில் எழுதியதால் நின்றது என்று அம்மா இன்னும் சொல்கிறாள்.

கருவில் இந்த அணுக்கள் தேவைக்கு மேல் உண்டாகும். தோல் ஒரு வளர்ச்சிக் காரணியைக் கொஞ்சமாகச் சுரக்கும். கிடைத்தது பிழைக்கும், கிடைக்காதது மடியும். வலி அறியும் அணுக்களுக்கு அதுதான் உயிர். இதைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொந்தால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் நீ பிறந்த 1986-ல்தான் நோபல் கொடுத்தார்கள்.

தண்டுவடத்தைத் தொட்ட நரம்பு இழை நேரே உள்ளே பாயாது. வாசலிலேயே மேலும் கீழுமாகப் பிரியும். அதற்குத் தண்டுவடம் சிஎன்பி என்ற சைகைப் பொருளைச் சுரக்கிறது. அதைப் பிடிக்கும் ஏற்பி இல்லாத எலியில் இழை பிரியாமல் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். பிரிந்தபின் விளிம்பிலேயே கொஞ்ச காலம் காத்திருந்து, பிறகுதான் பக்கக் கிளைகளை உள்ளே விடும். தடித்த தொடு இழைகள் முதலில், மெல்லிய வலி இழைகள் பின்னால். 1952-ல் ரெக்செட் என்ற ஆராய்ச்சியாளர் பூனையின் தண்டுவடத்தைப் பத்து அடுக்காகப் பிரித்தாரே, அந்தக் கணக்கில் வலி இழைகள் முக்கியமாக 1, 2-ஆம் அடுக்கில் நிற்கும். தொடு இழைகள் 3 முதல் 5 வரை.

ஆனால் அது வளர்ந்த பிறகு. பிறந்த எலிக்குட்டியில் தொடு இழைகள் வலிக்கான இரண்டாம் அடுக்கு வரை ஏறிக் கிடக்கும். சுமார் மூன்று வாரத்தில் மெல்லக் கீழே இறங்கும். குறைமாதக் குழந்தையிலும் தொடுதலையும் வலியையும் பிரிக்கும் அந்த வடிகட்டல் இன்னும் அமையவில்லை. பஞ்சு பட்டாலும் காலை இழுக்கும். இழுத்தால் வலித்தது என்று அர்த்தமில்லை, பாப்பா. உன் கையால் எதுவும் ஆகிவிடவில்லை.

தூக்கத்தில் அதன் கைகால் தானே துடிக்கும், பார்த்திருப்பாய். அதுவும் வேலைதான். எலிக்குட்டி முதலில் சூட்டைக் கண்டால் வாலைச் சூட்டின் பக்கமே திருப்பிவிடும். தூங்கும்போது வால் துடித்து எதன்மீதோ படும். எந்தத் தசை அசைந்தால் எந்தத் தோலில் படுகிறது என்று தண்டுவடம் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. 2003-ல் ஸ்வீடனில் காட்டினார்கள். வகுப்பில் வாய்க்காலைச் சொல்லித்தான் விளக்குவேன், சரியாகப் பொருந்தாது. வாய்க்காலை வெட்டிவிட்டுத் தண்ணீர் விடுவோம். இங்கே தண்ணீர் ஓடித்தான் வாய்க்காலே திருத்தமாகிறது.

அதனால் கையை விடு. தடவாதே, நீவாதே; வருடினால் அதற்கு எரிச்சல். முழங்கை வரை கழுவி, கையைச் சூடாக்கி, ஒரு உள்ளங்கை தலைமேல், இன்னொன்று மடக்கிய கால்களைச் சேர்த்து. அசையாமல், பதிய வை. எடுக்கும்போது ஒவ்வொன்றாக, மெதுவாக. டாக்டர் சரி என்றதும் நெஞ்சோடு வெறும் தோலில் போட்டுக்கொள், ஒரு மணி நேரமாவது. அம்மா வந்து எண்ணெய் தேய்க்கிறேன் என்றால் இப்போது வேண்டாம் என்று நீயே சொல், நான் சொன்னால் எடுபடாது.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் இரு. குத்திக் குத்தி அந்தக் குதிகால் மற்றதைவிடக் கூச்சமாகிவிடும். நடுவில் அல்ல, ஓரத்தில் குத்தச் சொல், பிதுக்க வேண்டாம் என்று சொல். இரண்டு நிமிடம் முன்னால் நாக்கில் சர்க்கரைக் கரைசலோ உன் பாலோ சில சொட்டு விடுவார்களா என்று கேள். கேட்க வெட்கப்படாதே. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பால் கறந்து அனுப்புகிறாயாம், அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அவ்வளவு செய்கிறவள் கையை மட்டும் ஏன் வெளியே வைத்திருக்கிறாய்? தடவாதே, பதிய வை.

நான் சொல்வதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. பச்சைக்குழந்தைக்கு வலி தெரியாது என்றுதான் படித்தோம், நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். ஆனந்த் என்ற நம் நாட்டு டாக்டர் குறைமாதக் குழந்தைகளின் ஆபரேஷனில் வலிமருந்து கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்து, கொடுக்காதவர்களின் உடம்பு எப்படித் தத்தளிக்கிறது என்று எழுதியது 1987-ல். உனக்கு அதற்கு முந்தைய வருஷம். பத்தாம் நாள், ரத்தக்குழாய் கிடைக்காமல் இடது உட்கணுக்காலைக் கீறித் திறந்தார்கள், மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து இல்லாமல். காலை அசையாமல் பிடித்தது நான். அம்மாவை வெளியே அனுப்பியதும் நான்.

அந்தத் தழும்பைத் தொட்டால் இப்போதும் சுரீர் என்கிறதா? கொலுசு வேண்டாம் என்று சின்ன வயதில் அழுவாயே, அதனாலா?

அப்பா