அண்ணாச்சி, அந்த ஸ்டூலைத் திருப்பிக் கொடுங்கள்

வணக்கம் அண்ணாச்சி.

நான் யார் என்று பெயர் போடாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். போன செவ்வாய்க்கிழமை வீட்டில் இருந்தபடியே கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "அந்தம்மா என்ன கல்யாண வீட்டுக்கா வந்திருக்கு, உட்கார்ந்துகிட்டு இருக்கு?" என்று கேட்டீர்களே, அந்த அம்மா நான்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உப்பு மூட்டை அடுக்குகிற பையன் வரைக்கும் கேட்டது.

மத்தியானம் மூன்று மணி, கடையில் ஒரு கஸ்டமர் கிடையாது, நான் உட்கார்ந்திருந்தது எண்ணெய் டின் மேல். ஸ்டூலைத்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் எடுத்துவிட்டீர்களே.

முதல் வாரக் கூட்டத்தைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. வியாசர்பாடி, மூலக்கடை, கொடுங்கையூர் சனம் மொத்தமும் சம்பளம் வாங்கின கையோடு லிஸ்ட்டை நீட்டும்போது யாருக்கும் உட்காரத் தோன்றாது, நிற்கிறோம், சரி. கூட்டம் இல்லாத நேரத்திலும், உளுந்தை அரை அரைக் கிலோவாகக் கட்டி சீல் வைக்கிறபோதும் ஏன் நிற்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. காலை ஒன்பதுக்கு வந்தால் ராத்திரி ஒன்பதரை. காலையில் போட்டு வந்த செருப்பு ராத்திரி காலில் ஏறாது. போன மாதம் விரல் வீங்கி மெட்டி இறுகிப்போய், சோப்பு போட்டும் வராமல், கடைசியில் பட்டறையில் கொடுத்து வெட்டி எடுத்தேன். புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மெட்டியை வெட்டிட்டு வந்திருக்கியே என்று மாமியார் ஒரு பாட்டம் அழுதார். வெட்டின மெட்டி இன்னும் பர்சில்தான் கிடக்கிறது.

கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று நம் சட்டசபையே சொல்லிவிட்டது. கேரளாவில் 2018லேயே வந்துவிட்டது. வேலை நேரத்தில் படுத்துத் தூங்கச் சொல்லவில்லை அண்ணாச்சி, இடைவெளி கிடைத்தால் உட்காரலாம், அவ்வளவுதான். எட்டு மணி நேர வேலை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது, அதை இப்போது நான் எடுக்கவில்லை.

கல்லாவில் இருபது ரூபாய் குறைந்தால் எங்கள் சம்பளத்தில் பிடிக்கிறீர்கள். சாமான் போடுகிற பைக்குக் காசு கேட்டால் கஸ்டமர் எங்களைத் திட்டுகிறார். பிஸ்கட்டை எலி கடித்தாலும் பழி எங்கள் மேல்தான். எலி உட்கார்ந்துதான் தின்கிறது, அதைக் கேமராவில் யாரும் பார்ப்பதில்லை போலிருக்கிறது. சரி, எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

சின்ன வயதில் கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கி, நின்றுகொண்டே சாப்பிட்டு முன்னேறினதாக ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சொல்வீர்கள். நின்றால் கால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பில் போடுகிற இடத்தில் மூன்று, பேக்கிங்கில் இரண்டு, சாதாரண பிளாஸ்டிக் ஸ்டூல் போதும். தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள். பழைய நீல ஸ்டூல் மாடிக் குடோனில் தண்ணீர் கேனுக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நானே போய் எடுத்துக்கொள்கிறேன்.